இண்டூரைக் கடைசியில் வைத்த பாட்டு

போலீஸ் உடுப்பு போட்டவனுக்குக் குரலும் நன்றாக இருந்துவிட்டால் அவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. உடுப்பு மட்டும் இருந்தால் நாலு பேரை அதட்டுவதோடு நிற்பான். குரல் மட்டும் இருந்தால் பஜனையில் முன்வரிசையில் உட்காருவதோடு நிற்பான். இரண்டும் ஒருவனிடம் சேர்ந்தால், மலைச்சாலை நடுவில் நின்று பாட்டுப் பாடி, தன்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களின் பஸ்ஸையே பின்னால் ஓடவிடுவான். நான் விட்டேன்.

இன்றைக்கு நெடுஞ்சாலை ரோந்து என்றால் ஜீப், விளக்கு, வயர்லெஸ், நாலு பேர். நான் வேலைக்குச் சேர்ந்த யுத்த காலத்தில் தொப்பூர்க் கணவாயில் நெடுஞ்சாலை ரோந்து என்பது நானும் ஒரு சர்க்கார் சைக்கிளும்தான். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. சேலத்திலிருந்து பெங்களூர் போகிற சாலை தொப்பூரில்தான் மலையேறும். அந்த ஏற்றத்தில் மாட்டு வண்டிகள் முட்டிக்கொள்ளாமலும், மிலிட்டரி லாரிகள் வந்தால் மற்ற எல்லாம் ஒதுங்கி நிற்கும்படியும் பார்த்துக்கொள்வது என் வேலை. சிவப்புத் தலைப்பாகை, அரை நிஜார், முழங்கால் வரை சுற்றிய பட்டி, பளபளவென்று தேய்த்த பித்தளை பக்கிள். அந்த வளைவுகளில் நான் கை காட்டினால் பெங்களூர் சாலையே நிற்கும். (கை காட்டாவிட்டாலும் பாதி வண்டிகள் ஏற முடியாமல் தானாகவே நின்றன. அது வேறு விஷயம்.)

அப்படி நிற்பதில் முதலிடம் கரி பஸ்ஸுக்கு. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். சமவெளியில் ஒழுங்காக வரும். தொப்பூர் ஏற்றத்தைக் கண்டதும் இருமும், பெருமூச்சு விடும், பிறகு பிடிவாதமாக நின்றுவிடும். உடனே டிரைவர் காதர் பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எறங்குங்க சாமி, எறங்குங்க! டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் தள்ளுங்க!" என்பார். ஆண்கள் இரண்டு பக்கமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். பின்பக்கம் நின்று தள்ள முடியாது, உருளை கொதிக்கும். பெண்கள் மூட்டை முடிச்சோடு சாலை ஓரமாகப் பின்னால் நடந்து வருவார்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் பின்சக்கரத்தின் அடியில் ஒரு முட்டுக்கட்டையைச் செருகுவது கண்டக்டரின் வேலை. தேர் இழுக்கும்போது போடுவார்களே, அதே மாதிரிக் கட்டை.

ஆரம்பத்தில் இந்தத் தள்ளுதல் பெரிய தகராறாக இருந்தது. பாலக்கோட்டுக்காரர் தள்ளும்போது பென்னாகரத்துக்காரர் வெற்றிலை மென்றார். பென்னாகரத்தார் தள்ளும்போது நல்லம்பள்ளியார் மூச்சு வாங்கினார். ஒருநாள் யாரோ, "பாலக்கோட்டான் சும்மா கம்பியப் புடிச்சிட்டு நிக்கறான் பாரு!" என்று சொன்னதுதான் தாமதம், பாலக்கோட்டு ஆட்கள் நாலு பேர் ரோஷத்தில் கொடுத்த தள்ளில் பஸ் ஒரு வளைவையே தாண்டிவிட்டது. எனக்குள் இருந்த கவிராயர் அன்றைக்குத்தான் கண் விழித்தார். ஊருக்கு இரண்டு வரி வைத்துப் பாட்டுக் கட்டினேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அந்த ஊர்க்காரர்கள் தம் கட்டித் தள்ள வேண்டும். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு 'ஐலசா' போட வேண்டும்.

"நல்லம்பள்ளி நாட்டுக் காள,
நாலு முழம் தள்ளும் தோளு – ஐலசா!
இண்டூரு களத்து மேடு,
இவங்களுக்கு எவன்டா ஈடு – ஐலசா!
பென்னாகரத்துப் புளியங்கொம்பு,
புடிச்ச புடி வுடாத தெம்பு – ஐலசா!
வத்தல்மலச் சாமச் சோறு,
வண்டி தள்ளும் ஆளப் பாரு – ஐலசா!"

இப்படியே பாலக்கோடு, அதியமான்கோட்டை என்று போகும். என் சொந்த ஊரான காரிமங்கலத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு வரி உண்டு. (பாட்டுக் கட்டியவன் நான். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.) தன் ஊர் பெயர் வரும்போது பின்தங்குகிற ஆள் தருமபுரிப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. என் பாட்டுக்கு அப்புறம் கரி பஸ் தொப்பூரில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றதே கிடையாது. சந்தைகளில் ஜனங்கள் என்னைக் காட்டி, "அதா பாரு, பாட்டுப் போலீசு" என்பார்கள். நான் காதில் விழாத மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு, இன்னொரு தரம் சொல்கிறார்களா என்று அங்கேயே நிற்பேன்.

இந்தச் சமயத்தில்தான் இண்டூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் மாதம்மாள். ஒரு திருவிழாவில் தூரத்தில் பார்த்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கரும்பு கடிப்பதில் மும்முரமாக இருந்தாள். அவ்வளவுதான், எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ஆனால் அவளுடைய அப்பா பச்சியப்பக் கவுண்டருக்குப் போலீஸ் மாப்பிள்ளை என்றால் அரை மனது. தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "காக்கி போட்டவன வூட்ல வெச்சிப் பாத்தா எல்லாம் பசு மாதிரிதான் இருப்பான். வேலையில எப்பிடி இருக்கறான்னு பாக்கணும். சேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போறம். திரும்பி வர்றப்ப கணவாயில பையனப் பாத்துக்கறம். புடிச்சா புடிக்கும், புடிக்காட்டி பஸ்ஸோட போயிட்டே இருப்பம்."

எந்த நாள், எந்த பஸ் என்று தரகர் எனக்கு ரகசியமாகச் சொல்லிவிட்டார். அந்த பஸ் ஏறிப் போகிற நேரம்தான் என் வாழ்க்கை முடிவாகிற நேரம். என்னிடம் நிலம் இல்லை, மாடு இல்லை. ஆனால் சாலை இருந்தது, பாட்டு இருந்தது. வழக்கமான பாட்டில் இண்டூருக்கு இரண்டாவது இடம், இரண்டே வரி. மாமனார் ஊருக்கு அது போதுமா? நாடகத்தில் ராஜா கடைசியில்தானே வருகிறார்? ஆகவே இண்டூரைக் கடைசிக்குத் தள்ளி, கணவாயின் உச்சி வளைவில் பாடுவதற்கென்று புதிதாக நாலு வரி கட்டினேன். அந்த நாலு வரியையும் சாலையோரக் குரங்குகளிடம் பாடிப் பாடி ஒத்திகை பார்த்தேன். அவை ஆட்சேபம் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. பட்டியை மூன்று தடவை அவிழ்த்துச் சுற்றினேன். பக்கிளில் முகம் தெரிந்தது. சைக்கிளைத் துடைத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி உச்சி வளைவுக்குச் சற்றுக் கீழே மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்து வைத்தேன். வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் கரி பஸ் இருமிக்கொண்டே வந்து, எனக்காகவே சொல்லி வைத்த மாதிரி என் எதிரில் நின்றது. பஸ்ஸில் பாதிக்கு மேல் இண்டூர்க் கல்யாண கோஷ்டி. வெள்ளை வேட்டியும் தலையில் உருமாலையுமாகப் பச்சியப்பக் கவுண்டர் இறங்கினார். என்னைத் தலைப்பாகையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒரு தடவை அளந்தார். கூரையிலிருந்து பாரத்தைக் குறைக்க மூட்டைகளை இறக்கினார்கள். சேலத்தில் புதிதாக வாங்கிய அம்மியை ஓர் ஆள் தோளில் ஏற்றிக்கொண்டார். அதன் குழவியை மாதம்மாள் கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு ஓரமாகப் போய் நின்றாள். கவுண்டரின் அக்கா, எல்லோரும் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், மட்டும் இறங்க மறுத்துவிட்டார்.

"டிக்கெட் எடுத்தது குந்திக்கிட்டு வர்றதுக்குத்தான். நடந்து வர்றதுக்கு இல்ல. நீங்க தள்ளுங்க," என்று உள்ளேயே காலை நீட்டினார்.

நான் பஸ்ஸின் பக்கவாட்டில் நின்று தொண்டையைக் கனைத்தேன். இங்கேதான் சனி பிடித்தது. பாட்டுக்குத் தாளம் வேண்டுமே என்று கண்டக்டரின் கையிலிருந்த முட்டுக்கட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"சார், கட்ட..." என்றார் கண்டக்டர்.

"நீங்க ஐலசா போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்," என்றேன். கட்டையால் மட்கார்டில் டங் டங்கென்று தட்டினேன். இன்ப நாதமாகத்தான் இருந்தது.

நல்லம்பள்ளி தள்ளியது. அடுத்தது இண்டூர் என்று இண்டூர்க்காரர்கள் தோளைக் கொடுத்துத் தயாராக நின்றார்கள். நான் பென்னாகரத்துக்குத் தாண்டினேன். சரி, மறந்திருப்பான் என்று பொறுத்துக்கொண்டார்கள். வத்தல்மலை வந்தது. பாலக்கோடு வந்தது. அன்றைக்கு இந்த ஊர்களின் ஆட்கள் பஸ்ஸில் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான். இண்டூர்தான் மொத்த பாரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் சிவப்பதைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன். உச்சி வளைவு நெருங்கியது. என் நாலு வரி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் வழக்கப்படி என் சொந்த ஊரைக் கொஞ்சம் புகழ்ந்துவிடலாம் என்று காரிமங்கலத்தை எடுத்தேன்.

"காரிமங்கலம் ஆளு வந்தா
கரி பஸ்ஸும் பறக்கும் முந்தி..."

"நிறுத்துடா பாட்ட!" என்று ஒரு குரல். பச்சியப்பக் கவுண்டர். "பொண்ணு குடுக்கலாமான்னு பாக்க வந்த ஊரு, பேரச் சொல்லக்கூட லாயக்கில்லாமப் போயிருச்சா? இவன் ஊருக்கு ரெட்டை வரி, நம்முளுக்கு வெறும் பாரமா? டேய், இண்டூரு! எல்லாம் கைய எடுங்கடா!"

இண்டூர் மொத்தமும் கையை எடுத்தது. அதில் தவறே இல்லை. கை எடுத்தால் பஸ் முட்டுக்கட்டையில் நிற்கும் என்று இந்தச் சாலையில் பயணம் போகிற எல்லோருக்கும் தெரியும். கட்டை என் கையில் இருந்தது என்பது எனக்கும் கண்டக்டருக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு அது உறைத்ததே அந்த நொடியில்தான்.

பஸ் ஒரு கணம் யோசித்தது. பிறகு நிதானமாகப் பின்னால் நகரத் தொடங்கியது. காதர் பாய் பிரேக்கின் மேல் ஏறியே நின்றார். பிரேக் இருந்தது, பிடிப்பதும் பிடிக்காததும் அதன் இஷ்டம். ஆட்கள் இரண்டு பக்கமும் தாவி விலகினார்கள். நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்னால், அதாவது முன்னால், ஓடினேன். ஓடும்போது தலைப்பாகை அவிழ்ந்து வாலாக நீண்டது. அதில் ஒரு முனையை நானே மிதித்துக் குப்புற விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து நான் செய்த ஒரே காரியம், "இண்டூரு! இண்டூரு!" என்று அலறியதுதான். கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பெயர்.

பஸ்ஸுக்குள்ளிருந்து பெரியத்தையின் குரல் திருப்தியாகக் கேட்டது: "அப்பாடா, கெளம்பிருச்சு!"

பெண்கள் கூட்டம் மலைப்பக்கமாகச் சிதறியது. ஒருத்தி மட்டும் சிதறவில்லை. மாதம்மாள் சாலை ஓரத்தில் நின்றபடியே, இடுப்பிலிருந்த குழவியைக் கீழே இறக்கி, காலால் ஒரே உந்து உந்திப் பின்சக்கரத்தின் வழியில் உருட்டிவிட்டு விலகிக்கொண்டாள். சக்கரம் குழவிமேல் ஏறப் பார்த்தது, முடியவில்லை. வண்டி குலுங்கித் திணறிய அந்தக் கணத்தில் காதர் பாய் ஸ்டியரிங்கை ஒடித்து மலைப்பக்கம் திருப்பினார். பஸ் மண்மேட்டில் பின்பக்கத்தைச் சாய்த்து நின்றது. மேட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி நான் சாய்த்து வைத்த சர்க்கார் சைக்கிள், அப்பளமாக இருந்தது.

என்னைத் தவிர யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எல்லோருக்கும் என்னைப் பார்க்க நேரம் கிடைத்தது. முழங்கால் சிராய்த்து, தலைப்பாகை இல்லாமல், மார்போடு ஒரு கட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கட்ட இருக்குதுன்னுல்ல கைய எடுக்கச் சொன்னன்!" என்று கவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கட்டைய வெச்சித் தாளம் போட்டவனுக்கு நான் பொண்ணக் குடுக்கறதா? வண்டிய எடுங்க, போலாம்."

போவது எப்படி? மறுபடி தள்ளினால்தான் உண்டு. தள்ளுவதற்குப் பாட்டு இல்லாமல் யாரும் கை வைக்கவில்லை. பழக்கம் அப்படி ஆகிவிட்டது. நல்லம்பள்ளியார் பாலக்கோட்டாரைப் பார்த்தார். பாலக்கோட்டார் ஆகாயத்தைப் பார்த்தார். கடைசியில் காதர் பாய்தான், "பாடுங்க சார். இன்னிக்கி இங்கியே குடி இருக்க முடியுமா?" என்றார்.

கவுண்டர் மீசையை நீவினார். "பாடட்டும். எங்க ஊர எங்க வெக்கறான்னு பாக்கறன்."

கட்டையைக் கண்டக்டரிடம் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தேன். எழுந்து நின்றேன். முதலில் இண்டூர், அதில் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தேன். வழக்கமாகப் பாடுகிற அந்த இரண்டு வரி, களத்து மேடு, அது இது என்று ஏதோ ஒன்று, சுத்தமாக நினைவில் இல்லை. பயத்தில் துடைத்துவிட்ட மாதிரிப் போய்விட்டது. இண்டூர் என்று எனக்குள் மிச்சம் இருந்தது குரங்குகளிடம் ஒத்திகை பார்த்த நாலு வரி மட்டும்தான். உச்சி வளைவில், லேசாக, ஜாடையாக, அவள் காதில் மட்டும் விழும்படி பாட நினைத்த வரிகள். வேறு வழி இல்லாமல், மொத்த பஸ்ஸும் உம்மென்று பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணின் அப்பாவுக்கு நேர் எதிரில் நின்று உரக்கப் பாடினேன்:

"இண்டூரு ஏரி ஓரம்
எங்க போலீசு போகும் தூரம்;
அந்த ஊரு வாசல் பாத்து
ஆறு மாசம் நிக்கும் காத்து – ஐலசா!"

ஐலசாவை யாரும் போடவில்லை. எனக்குத் தொப்பூர்ப் பள்ளத்தில் குதித்துவிடலாமா என்றிருந்தது. அப்புறம் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மாதம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் வந்த சிரிப்பு அது. அதைக் கேட்டு நல்லம்பள்ளி சிரித்தது, பென்னாகரம் சிரித்தது. காதர் பாய் ஹாரனை அமுக்கினார். கவுண்டர் சிரிக்கவில்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"பேரச் சொல்லிட்டான்ல. இண்டூரு, தள்ளுங்கடா!"

நான் எத்தனையோ வண்டிகளைத் தள்ள வைத்திருக்கிறேன். அப்படி ஒரு தள்ளு பார்த்ததில்லை. இண்டூர் சிரித்துக்கொண்டே தள்ளியது. மற்ற ஊர்கள் தோற்கக் கூடாதென்று தள்ளின. அந்தப் பாழாய்ப்போன நாலு வரியையே திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். பஸ் உச்சி வளைவைத் தாண்டிச் சமதளத்தில் போய் நின்றபோது, எல்லா ஊர்க்காரர்களும் உருமாலையை வீசிக் கூச்சல் போட்டார்கள். மானம் போன நாள்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கூச்சலைக் கேட்டு எனக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை ஊரையும் ஒரே மூச்சில் தள்ள வைத்தது என் பாட்டு.

எல்லோரும் ஏறினார்கள். கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியில் கால் வைத்தார். அப்போது பெரியத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தம்பி பச்சியப்பா! பையன் நல்லாப் பாடறான். வண்டியும் நல்லா ஓடுச்சு. இன்னும் என்னத்தப் பாக்கறது?"

"அக்கா, ஓடுனது பின்னால!"

"எந்தப் பக்கம் ஓடுனா என்னா? நின்னது நின்ன எடத்துலயே கெடக்காம ஓடுச்சில்ல?"

கவுண்டர் இன்னொரு காலையும் படியில் வைப்பதற்குள் மாதம்மாள் என்னைப் பார்க்காமல், அத்தையைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தே, கொழவி கீழயே கெடக்குது. எறக்கி உருட்டுனது நானு. தூக்கியாறது யாரு? வேணுங்கறவங்க தூக்கிட்டு வரட்டும்."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வளைவு வரை இறங்கி ஓடி, பக்கவாட்டில் ஒரு சில்லு பெயர்ந்துபோன குழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி ஏற்றம் ஏறினேன். சர்க்கார் உடுப்போடு குழவி சுமந்த போலீஸ்காரனை அந்தச் சாலை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்திருக்காது. பஸ் எனக்காகக் காத்து நின்றது.

சைக்கிள் எப்படி அப்பளமானது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன். புது சைக்கிள் தருவதில்லை என்று முடிவு செய்தார். அடுத்த மழைக்காலம் வரை அந்தக் கணவாயை நடந்தே ரோந்து பார்த்தேன். எதிரில் வந்த வண்டிக்காரர்கள் எல்லாம், "இண்டூரு ஏரி ஓரம்..." என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் பாடிய பாட்டுக்கு நானே குற்றவாளியாக நடந்தேன். தையில் கல்யாணம். மாதம்மாள் கால் வைத்தது அதே சேலத்து அம்மியின் மேல்தான்.

சில்லு பெயர்ந்த குழவி என்பதால் எங்கள் வீட்டுச் சட்னி ஒருநாளும் முழுசாக அரைபட்டதில்லை. ஒரு மிளகாயோ கடலையோ தப்பித்துவிடும். பிள்ளைகள் அதை எடுத்துக் காட்டினால், "அது இண்டூரு கைய எடுத்த எடம், அப்பாவக் கேளுங்க," என்பாள் மாதம்மாள். பீரோவோ நெல் மூட்டையோ, கனமாக எதை நகர்த்துவதானாலும் முதலில் நான் இண்டூரைப் பாட வேண்டும். அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒருவரும் கை வைப்பதில்லை. வேறு ஊர்களிலிருந்து வந்த மருமக்களும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

போன வருஷம் மகள் ஒரு மிக்ஸி வாங்கி வந்தாள். "இந்தக் கொழவிய இனிமே எதுக்கும்மா வெச்சிருக்கறது? தூக்கி வெளியே போட்டுரலாம்," என்று குனிந்தாள். மாதம்மாள் அவளுக்கு முன்னால் போய்க் குழவிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"ஒருக்கா எடுத்ததே போதும் கண்ணு," என்றாள். "இண்டூரு இனிக் கைய எடுக்காது."